மழை ஓய்ந்தபின் ஏறும் ஆறு: ஆகுர்டியில் பேரிடர் அபாயமும் வீடுகளின் தயார்நிலையும்

ஆகுர்டிக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரமும் சஹ்யாத்ரி மலைத்தொடரும் இருக்கின்றன. கடல்மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலே, தக்காணப் பீடபூமியின் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. தானே புயலையோ கஜாவையோ பார்த்துவிட்டு, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கத்து வாகன ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்த கடலோரத் தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "இங்கே அந்தப் பயம் இல்லை" என்பார்கள். சுனாமி வராது. புயல் கரையேற இங்கே கரையே கிடையாது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை.

மற்றப் பாதியை 2020 ஜூன் 3 காட்டியது. அன்று மதியம் அலிபாகுக்குத் தெற்கே கரையேறிய நிசர்கா புயல் மலையைத் தாண்டி புணே மாவட்டத்துக்குள்ளும் வந்தது. மாவள் வட்டாரத்தில் பூ வளர்க்கும் பசுமைக்குடில்கள் கிழிந்தன, தகரக் கூரைகள் பறந்தன, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தெருக்களில் மரங்கள் சாய்ந்தன. கொரோனா ஊரடங்கின் நடுவில் வந்ததால் பலர் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். வேலைநாளாக இருந்திருந்தால் சேதக் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் இந்த ஊரின் முதல் அபாயம் புயல் இல்லை, ஆறு. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிப் பரப்பை மூன்று ஆறுகள் தொட்டுச் செல்கின்றன: பவனா, இந்திராயணி, முளா. ஆகுர்டியின் பெரும்பகுதி மேட்டில் இருக்கிறது. தென்மேற்கே ராவேத், வால்ஹேகர்வாடி பக்கம் இறங்கினால் பவனா வந்துவிடும். அது சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி வழியாகத் தாபோடிக்குப் போய் முளாவில் சேர்கிறது. பெருமழைக் காலத்தில் சிஞ்ச்வடில் ஆற்றங்கரையில் உள்ள மோர்யா கோசாவி சமாதிக் கோவிலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா என்றுதான் இங்குள்ளவர்கள் முதலில் விசாரிப்பார்கள். அரசின் அளவுகோலைவிட அதை எல்லோரும் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பவனாவின் குணம் கடலோரக்காரர்களுக்குப் பழகாதது. கடலூரில் புயல் வந்தால் காற்றும் மழையும் முன்கூட்டியே மிரட்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரியும். பவனா அணையோ மாவள் மலைப்பகுதியில், லோனாவாலா பக்கத்தில், ஏறத்தாழ எட்டரை டி.எம்.சி. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மலையில் கொட்டித் தீர்க்கும் மழையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகுர்டியில் பெய்யாத நாட்கள் உண்டு. அணை நிரம்பி மதகு திறக்கும் நேரத்தில் இங்கே வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளத்தை அறியத் தலைக்கு மேலே பார்த்துப் பயனில்லை, மேற்கே என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இதனால் வானிலை எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் வருகிறது. இந்திய வானிலைத் துறை புணே நகரத்துக்கும் புணே மாவட்டத்தின் மலைச்சரிவுப் பகுதிக்கும் தனித்தனியாக எச்சரிக்கை தருகிறது. 'புணேக்கு ரெட் அலர்ட்' என்று தொலைக்காட்சியில் ஓடுகிறது, வெளியே பார்த்தால் தூறல். இப்படி நான்கு முறை ஆனால் ஐந்தாவது முறை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மேட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு அதனால் நட்டமில்லை. பிம்ப்ரியின் சஞ்சய் காந்தி நகரிலோ பிம்ப்ளே குரவின் தாழ்வான பகுதியிலோ இருப்பவருக்கு மலைக்கான அந்தச் சிவப்புதான் உண்மையான செய்தி. வானிலைத் துறையின் தலைமையிடம் சிம்லாவிலிருந்து 1928-இல் வந்து சேர்ந்த நகரம் புணே. வெப்பமண்டல வானிலையை ஆராயும் தேசிய நிறுவனமும் பாஷாணில் இருக்கிறது. மழையைப் பற்றி இத்தனை பேருக்குத் தெரிந்த ஊர் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். அந்த அறிவு தரைத்தளத்து வாசல்வரை இறங்கி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வரவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள். 1961 ஜூலை 12 காலையில், கட்டுமானம் முழுதாக முடியாத பான்ஷேட் அணை உடைந்தது. அதன் வெள்ளம் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புணேயின் பழைய பேட்டைகளுக்குள் புகுந்தது. ராணுவ வீரர்கள் மணல் மூட்டை அடுக்கி உடைப்பைச் சில மணி நேரம் தள்ளிப் போட்டதால்தான் அது இரவில் நேராமல் பகலில் நேர்ந்தது. அந்தச் சில மணி நேரத்தில் நகரத்துக்கு உருப்படியான எச்சரிக்கை போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று, கடக்வாஸ்லாவிலிருந்து வினாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர், சிம்ஹகட் சாலையின் ஏக்தா நகரி அடுக்ககங்களில் தரைத்தளத்தை மூழ்கடித்தது. படகு வந்தது, ராணுவம் வந்தது. யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்ற வாக்குவாதமும் கூடவே வந்தது. அதே விடியலில் டெக்கன் பகுதியின் புலாசி வாடியில் தங்கள் தள்ளுவண்டியைத் தண்ணீரிலிருந்து நகர்த்தப் போன மூன்று பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதே நாளில் பவனாவும் பெருகி, பிம்ப்ரி-சிஞ்ச்வடின் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது.

சென்னைவாசிகளுக்கு இது பழகிய கதை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த 29,000 கன அடியும் அதைப் பற்றிய தணிக்கை அறிக்கையும் அரசியல் சண்டையும் நினைவிருக்கும். ஏரியைத் திறந்தது சரியா தவறா என்ற கேள்விக்கு இங்கே போகவில்லை. அடையாற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு 'கன அடி' என்ற எண், 'உங்கள் தெருவில் முழங்கால் அளவு, இடுப்பளவு' என்ற சொல்லாக மாறிக் கிடைத்தது என்பதே என் கேள்வி. இங்கேயும் அணை நீர் திறப்பு மராத்தியில், கன அடிக் கணக்கில், வாட்ஸ்அப் குழுக்களில் வந்து சேர்கிறது. மராத்தி வாசிக்கத் தெரிந்தவருக்கே அந்த எண்ணிலிருந்து தன் வாசற்படியை ஊகிக்க முடியாது.

பெரிய ஆறு இல்லாமலும் வெள்ளம் வரும். 2019 செப்டம்பர் 25 இரவு புணேயின் தெற்கே காத்ரஜ் பக்கம் பெய்த மழை, ஆம்பில் ஓடை என்ற சிற்றோடையைப் பேராறாக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடையை நெருக்கிச் சுவர் எழுப்பியதும் வளைத்துத் திருப்பியதும் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. ஆகுர்டி, நிக்டி, சிக்லி பகுதிகளிலும் இப்படி மூடப்பட்டும் குறுக்கப்பட்டும் கிடக்கும் ஓடைகள் உண்டு. உள்ளூரில் 'நாலா' என்பார்கள். பவனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் முதுகுப்பக்கம் ஓடும் நாலாவை மறந்துவிடுகிறார்.

வீடுகள் ஏன் தயாராவதில்லை என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறார்கள். அந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வாசித்தால் சோர்வு வரும், ஏனென்றால் முதலில் தோன்றும் விடை, 'மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் தயாராவார்கள்' என்பது, திரும்பத் திரும்பப் பொய்த்துப் போகிறது. கிசெலா வாகிங்கரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஆபத்தை நன்றாக உணர்ந்தவர்களும் ஒன்றும் செய்யாமல் இருக்கக் காரணங்களை அடுக்கியது. தெரிந்தே அந்த இடத்தின் வசதிக்காக ஏற்றுக்கொள்வது ஒன்று. அரசோ அணையோ பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது மற்றொன்று. செய்ய வசதியில்லாதது மூன்றாவது. ராபர்ட் மேயரும் ஹவர்ட் குன்ரூதரும் எழுதிய 'நெருப்புக்கோழி முரண்' என்ற நூல் மனித மனத்தின் ஆறு சாய்வுகளைச் சொல்கிறது. அவற்றில் மூன்று நம் தெருவிலேயே தெரியும்: நேற்றையதை மறப்பது, இருந்தபடியே இருந்துவிடுவது, பக்கத்து வீட்டுக்காரர் செய்யாததை நாமும் செய்யாமல் விடுவது.

ஆற்றங்கரையில் அணை நம்பிக்கைக்குத் தனி இடம் உண்டு. கரையும் அணையும் கட்டிய பிறகு தாழ்வான நிலத்தில் வீடுகள் பெருகுவதை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940-களிலேயே சுட்டிக்காட்டினார். சிறு வெள்ளங்கள் நின்றுபோகின்றன, நினைவு மங்குகிறது, மனை விலை ஏறுகிறது. பிறகு பெரு வெள்ளம் வரும்போது அங்கே முன்பைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். பவனாவின் கரைகளை இன்று பார்த்தாலே இது புரிந்துவிடும்.

இந்த ஆய்வுகளில் என்னை அதிகம் நிறுத்தியவை தமிழ்க் கடற்கரையைப் பற்றியவைதான். டேனியல் ஆல்ட்ரிச் என்ற அரசியல் அறிஞர் 2012-இல் எழுதிய நூலில் டோக்கியோ, கோபே, நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரையையும் எடுத்துக்கொண்டார். பேரிடரிலிருந்து எழுந்து வருவதைப் பணத்தைவிடவும் சேத அளவைவிடவும் அண்டை அயல் உறவே தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். 1995-இல் கோபேயில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கி எடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான். தமிழகத்தில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைந்து வந்தது. ஆனால் அதே பஞ்சாயத்துகளின் பட்டியலில் தலித்துகளும் விதவைகளும் வெளியாட்களும் விடுபட்டுப் போனதையும் அவர் எழுதியிருக்கிறார். உறவு காப்பாற்றும், உறவுக்கு வெளியே நிற்பவரைக் காப்பாற்றாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பேரிடர் மேலாண்மைக் கருத்தரங்குகளில் யாரும் மேடையேற்றுவதில்லை.

முதல் பாதிக்கு நல்லவாடு போதும். 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரிப் பகுதியின் அந்த மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தொலைக்காட்சியில் பார்த்ததை அவர் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியை ஊர்க்காரர்கள் எடுத்து அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஏறக்குறைய 3,600 பேர் கொண்ட ஊர் உயிரோடு மேட்டுக்குப் போனது. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதே இல்லை; அன்றாடம் கடல் நிலவரமும் மீன் விலையும் சொல்லப் பயன்பட்டது. தினமும் பயன்படுவதால்தான் அன்று காலை அதன் சுவிட்ச் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒடிசா இதையே மாநில அளவில் செய்தது. 1999 பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர்வரை முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. புயல் காப்பகங்கள் கட்டியது ஒரு காரணம். அந்தக் காப்பகத்துக்கு யார் யாரை அழைத்துப் போவது என்று கிராமந்தோறும் ஆள் குறித்து ஒத்திகை பார்த்தது இன்னொரு காரணம், என் கணக்கில் பெரிய காரணம்.

அன்றாடப் பழக்கம் என்ற அளவுகோலை வைத்து ஆகுர்டி வீடுகளைப் பார்த்தால் வேடிக்கையான நிலைமை தெரிகிறது. அரசுக் கையேடுகள் கேட்பவற்றில் சில இங்கே ஏற்கெனவே இருக்கின்றன, பேரிடரை நினைத்து யாரும் சேர்க்காமலே. பிம்ப்ரி-சிஞ்ச்வடில் 2019 நவம்பரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய்த் தண்ணீர். அதனால் டிரம்மும் மாடித் தொட்டியும் இல்லாத வீடு குறைவு. மூன்று நாள் குடிநீர் சேமிப்பு என்ற பாடத்தைப் பற்றாக்குறையே நடத்தி முடித்துவிட்டது. மின்தடைக்கு இன்வெர்ட்டர், ரேஷனுக்கு மாதச் சாமான், பக்கத்தில் கடன் வாங்க ஒரு வீடு. கையேடு எழுதும் அதிகாரிகள் இந்தப் பழக்கங்களிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம். அவர்களோ டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி என்று வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள்.

உண்மையான ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பல அடுக்ககச் சொசைட்டிகளில் மின்மீட்டர் பலகை தரைத்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது முதன்மை இணைப்பை யார் துண்டிப்பது? செயலாளரா, வாட்ச்மேனா? வாட்ச்மேனுக்கு அந்த அறையின் சாவி உண்டா? புலாசி வாடியில் மூன்று உயிர் போனதை நினைத்தால், வெள்ளத் தயார்நிலையில் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடித்தள நிறுத்துமிடத்துக்கு வண்டியை எடுக்க ஓடுவது அடுத்த அபாயம். மூழ்கிய காரைத் தண்ணீருக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், அதற்கென்று தனிச் சேர்ப்பு வாங்கியிருந்தால் ஒழிய, காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது கடினம். வீட்டுக்கே காப்பீடு எடுத்தவர்கள் அபூர்வம். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். வண்டிக்கு ஆண்டுதோறும் தவறாமல் கட்டுபவர்களிடம் இதன் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். வண்டிக்குச் சட்டம் இருக்கிறது, வீட்டுக்கு இல்லை, அவ்வளவுதான் விளக்கம்.

வெள்ளத்துக்கு அப்பால் உள்ளவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். நிலநடுக்க வரைபடத்தில் புணே நெடுங்காலமாக மூன்றாம் மண்டலம். 1967 டிசம்பர் 11 அதிகாலை குலுங்கிய கொய்னா தெற்கே மலைத்தொடரில்தான் இருக்கிறது. அபாயம் உண்டு, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் அளவு இல்லை. கட்டடம் யார் கட்டியது என்று பார்ப்பதே அதற்கான தயார்நிலை. கோடை இடிமழை அப்படி இல்லை. 2023 ஏப்ரல் 17 அன்று ராவேத்-கிவளே பகுதியில், சாலையோர விளம்பரப் பலகை காற்றில் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஆகுர்டியிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். மழைக்கு ஒதுங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் பேரிடர் அறிவு என்று அதற்கு முன் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மின்னலால் இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். மின்னலை முன்னறிவிக்கும் 'தாமினி' செயலியை உருவாக்கியது பாஷாண் நிறுவனம்தான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க மேட்டில் பத்திரமாக இருக்கும் குடும்பம், மழைக்காலத்தில் ஒரு நாள் தானாகவே அபாயத்தைத் தேடிப் போகிறது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவின் புஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில், இந்திராயணி மேலிருந்த பழைய இரும்புப் பாலம் சுற்றுலாக் கூட்டத்தின் பாரத்தில் உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டும் ஞாயிறு. வீட்டுத் தயார்நிலையை அளக்கும் கேள்வித்தாள்கள் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்றே கேட்கின்றன. வீட்டார் எங்கே போகிறார்கள் என்று கேட்பதில்லை.

அரசுப் பக்கத்தில் ஏற்பாடுகள் குறைவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டம்வரை அமைப்பு வகுத்தது. அரக்கோணத்தில் இருப்பதுபோன்ற தேசியப் பேரிடர் மீட்புப் படைப் பிரிவு ஒன்று ஆகுர்டிக்கு வடக்கே சுதும்பரேயில் முகாமிட்டிருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எல்லா அவசரத்துக்கும் 112. ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் அலறலோடு செய்தி அனுப்பும் முறையையும் 2023-இல் நாடெங்கும் சோதித்தார்கள். ஆற்றங்கரைக்கு மகாராஷ்டிர நீர்வளத் துறை இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு நீலக்கோடு, நூறு ஆண்டு வெள்ளத்துக்குச் சிவப்புக்கோடு. நீலத்துக்குள் கட்டடம் கூடாது. 2025 மே 17 அன்று சிக்லியில் இந்திராயணியின் நீலக்கோட்டுக்குள் எழுந்த 36 பங்களாக்களை மாநகராட்சி இடித்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு நடந்தது அது. சட்டம் வென்றது என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சேமிப்பைக் கொட்டி வாங்கியவர்களுக்குப் பத்திரப் பதிவின்போதே அந்தக் கோடு காட்டப்பட்டிருந்தால் இடிக்க எதுவும் இருந்திருக்காது. அதே கோட்டுக்குள் ஆண்டுக்கணக்காக நனையும் குடிசைகளுக்கு இடிப்பும் தீர்வாகாது, மாற்றிடம் வேண்டும்.

வாடகைக்காரர்கள்தான் எல்லா வலையிலும் நழுவிப் போகிறவர்கள். மராத்வாடாவிலிருந்து, பீகாரிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரே அறையில் ஷிப்ட் மாற்றித் தூங்கும் பையன்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அது உரிமையாளர்களின் குழு. உரிமையாளர் வேறு ஊரில் இருந்தால் அணை திறந்த செய்தி அவருக்கு வரும், அறையில் தூங்குபவனுக்கு வராது. வாக்காளர் பட்டியலிலும் அவர்கள் பெயர் சொந்த ஊரில்தான். ஆல்ட்ரிச் கண்ட விடுபட்டவர் பட்டியல் இங்கே இப்படி இருக்கிறது.

அவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அறை முகவரியும் ஒரே ஓர் இடத்தில் இருக்கின்றன. வீட்டை வாடகைக்கு விடுபவர் குடியேறுபவரின் விவரத்தைக் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது பிம்ப்ரி-சிஞ்ச்வடில் நடைமுறை. குற்றத் தடுப்புக்காகச் சேர்த்த பதிவேடு அது. அதில் தரைத்தளத்து அறைகளை மட்டும் பிரித்து, ஆற்றோர வட்டங்களின் எண்களை மாநகராட்சியின் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையோடு இணைத்து, மதகு திறக்கும்போது மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் மூன்று வரி குறுஞ்செய்தி அனுப்பப் புதுச் சட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. ஜூன் மாதத்துக்குள் இரண்டு அலுவலகங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த விவரம் எவ்வளவு பகிரலாம், மழைக்காலம் முடிந்ததும் அதை யார் அழிப்பது என்பதையும் அதே கூட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.